இரண்டு கையெழுத்துகளுக்கு நடுவே

அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்,
ஒரு மணி நாற்பது நிமிடம் என்றார் வக்கீல்,
பல் பிடுங்குமுன் டாக்டர் சொல்வாரே அந்தக் குரலில்:
“சுருக்குன்னு ஒண்ணு. அவ்வளவுதான்.”

அப்படித்தான் தீர்ப்பில் ஏறியது லாஸ்பேட்டை.
மாதத்தின் இரண்டாம் வெள்ளி வரவு.
ஞாயிறு செலவு.

ஐதராபாத்தில் விக்டோரின் ஒரு கையெழுத்துப் போடுவாள்.
இங்கே நான் ஒன்று போடுவேன்.
நடுவில் ஸெலின், எட்டு வயது,
கழுத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் ஓர் அட்டை.
‘ஒப்படைக்க வேண்டியவர்’ என்ற கட்டத்தில் என் பெயர்,
எழுத்துப்பிழையோடு.

நெல்லித்தோப்பில் பேரிங் கடை வைத்திருப்பவன் நான்.
தேய்மானம் எனக்குத் தெரியும்.
சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன்
எது எத்தனை நாள் தாங்குமென்று.
காத்தாடி வைத்த அந்தச் சின்ன விமானம்
சவுக்குத் தலைகளுக்கு மேலே தெரியும்போதெல்லாம்
காது கொடுத்துப் பார்ப்பேன்.
நல்ல சத்தம்.
கோளாறு அதில் இல்லை.

ஓடுதளம் குட்டை இங்கே.
நீட்டலாம் என்றால் அந்தப் பக்கம் வேறு மாநிலமாம்.
ஆடுகளுக்கு யாரும் சொல்லவில்லை,
இரண்டிலும் மேய்கின்றன.

போன மாதம் மழை மேகம்.
இறங்க முடியாமல் கடலுக்கு மேல் வட்டமடிக்கிறது என்றார்கள்.
கையில் அவளுக்கு வாங்கிய முட்டை பஃப்ஸ்,
காகிதம் எண்ணெயில் கண்ணாடி ஆகிக்கொண்டிருந்தது.
போன் அடித்தது.
“இறங்கிட்டாளா?”
இரண்டு வருடத்தில் விக்டோரின் என்னிடம் கேட்ட,
வக்கீல் எழுதித்தராத முதல் கேள்வி.
“இன்னும் இல்ல.”
அவள் வைக்கவில்லை.
நானும் வைக்கவில்லை.
அவள் பக்கம் குக்கர் கூவியது,
எண்ணினேன், மூன்று.
நாலாவதற்கும் அவள் எழுந்து போகவில்லை.
என் பக்கம் அவளுக்கு என்ன கேட்டதோ.
மழை கேட்டிருக்கலாம்.
டாக்சிக்காரர்கள் ஐம்பது ரூபாய்க்குச் சண்டை போட்டது கேட்டிருக்கலாம்.

“தெரியுது” என்றேன் ஒரு கட்டத்தில்.
“ம்” என்றாள்.
சக்கரம் தரையைத் தொட்ட பிறகுதான் வைத்தாள்.

வெளியே வந்த பெண்ணுக்கு முகமெல்லாம் சிரிப்பு.
“ரெண்டு தடவ சுத்துச்சுப்பா!
மூணாவதும் சுத்தும்னு பாத்தேன்.”
கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

கொக்குப் பார்க் சிக்னலில் சிவப்பு.
பின்சீட்டிலிருந்து வந்தது:
“மேல இருக்கும்போது நான் யாருகிட்ட இருக்கேன்?
அம்மா கையெழுத்து முடிஞ்சிருச்சு.
நீ இன்னும் போடல.”

“விமானத்துல அக்கா இருப்பாங்கல்ல.”

“அவங்க ஜூஸ் குடுத்துட்டுப் போயிருவாங்க.
யாருகிட்டயும் இல்ல.”
கணக்கில் விடை வந்துவிட்டவள்போல் சொன்னாள்.
“அங்க யாரும் கேக்க மாட்டாங்க,
அங்க நல்லாருக்கா இங்க நல்லாருக்கான்னு.”

பச்சை விழுந்தது.
பின்னால் ஒரு டெம்போ என் பரம்பரையை விசாரித்தது.

“அப்பா, இதவிட மெதுவாப் போற ப்ளேன் இருக்கா?”

எனக்குத் தெரிந்து இல்லை.
வேகமாகப் போவதைப் பற்றித்தான் இதுவரை
எல்லோரும் என்னிடம் பேசியிருக்கிறார்கள்,
நீதிபதி உட்பட.

நெல்லித்தோப்புக்கு அங்கிருந்து நேராகப் போகலாம்,
பத்து நிமிடம்.
இடப்பக்கம் திருப்பினேன்.
முத்தியால்பேட்டை, மணிக்கூண்டு,
அப்புறம் கடற்கரைச் சாலை, உப்புக் காற்று,
நனைந்த கருங்கற்கள்.
முப்பதைத் தாண்டவில்லை முள்.

மாதம் முழுக்கச் சேர்த்துவைத்த கேள்விகள்
சட்டைப்பையில் சில்லறைபோல் கனத்தன:
அம்மா என்ன சொன்னாள்,
வீட்டுக்கு யார் யார் வருகிறார்கள்,
என்னை நினைத்தாயா.
ஒன்றையும் எடுக்கவில்லை.

போன் அதிர்ந்தது.
வீடு போயாச்சா என்றுதான் இருக்கும்.
முதுகில் பஃப்ஸ் தூள் உதிர்ந்துகொண்டிருந்தது,
அவள் எதையோ முணுமுணுத்தபடி தின்றுகொண்டிருந்தாள்,
என்னிடம் இல்லை.
பழைய துறைமுகம் வரை போய்
வண்டியைத் திருப்பினேன்,
இன்னொரு சுற்று.